பக்கத்து சீட்டு இல்லாத வண்டி

எஞ்சினுக்குக் காற்று ஊதுகிற டர்போவை எங்கே வைப்பது என்ற கேள்வி, ஷெட்டுத் தம்பிகளே, இன்றைக்கு உங்களில் யாருக்கும் இல்லை. கம்பெனிக்காரனே இடம் பார்த்து வைத்து அனுப்பிவிடுகிறான். நீங்கள் கழற்றுகிறீர்கள், துடைக்கிறீர்கள், அதே இடத்தில் மாட்டுகிறீர்கள். கொடுத்துவைத்தவர்கள்!

போன மாதம் ஷெட்டுக்கு நான் வந்திருந்தபோது ஒரு லாரியின் டர்போவைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டிருந்தீர்கள். உங்களில் ஒருவர், "ஐயா காலத்துல இதெல்லாம் கெடையாதுல்ல? நீங்க மாட்டியிருக்கீங்களா?" என்று கேட்டார். "ஒண்ணே ஒண்ணு" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நடையைக் கட்டிவிட்டேன். கேட்டவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கதையை முதலில் கேட்டிருக்க வேண்டிய ஆள் ஒருவன் இருந்தான். அவனிடமே சொல்லாததை டீ குடிக்கிற நேரத்தில் எப்படிச் சொல்வது? அவன் போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்துவிட்டான். இனிமேல் எழுதினால் குற்றமில்லை.

அவன் பெயர் சவரிமுத்து. எனக்கு சவரி. இரண்டு பேரும் ஆவூர்க்காரர்கள். ஒரே கோயிலில் ஞானஸ்நானம், ஒரே பள்ளிக்கூடத்தில் அடி. சமஸ்தானம் போய்ப் புதுக்கோட்டை எல்லா ஊரையும்போல ஓர் ஊராகிச் சில வருடம் கழித்து, இரண்டு பேரும் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் சேர்ந்தோம். எனக்கு ஸ்பேனர் பிடித்தது, அவனுக்கு ஸ்டியரிங் பிடித்தது. நான் ஃபிட்டராகி மேஸ்திரியானேன். அவன் கிளீனராக ஏறி டிரைவராக இறங்கினான். இலுப்பூர் லைனில் அவன் வண்டி வருகிறது என்றால் ஹாரன் அடிக்காமலே ஆடு மாடு ஒதுங்கும் என்று பேர்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எனக்கு முன்பு இருந்த பெரிய மேஸ்திரி ஏற்படுத்தியது. எந்த வண்டியில் எவன் கை வைத்தானோ, அவன் அந்த வண்டியின் முதல் ட்ரிப்பில் ஏறிப் போக வேண்டும். எஞ்சின் அப்போதெல்லாம் டிரைவருக்குப் பக்கத்திலேயே மூடிபோட்டு உட்கார்ந்திருக்கும். அந்த மூடிக்கு அந்தப்புறம் ஒற்றை சீட்டு ஒன்று உண்டு. அதுதான் கை வைத்தவன் சீட்டு. டிக்கெட் கொடுத்தாலும் அன்றைக்கு அதில் யாரும் உட்காரக் கூடாது.

முதல் தடவை நான் பிரேக் பார்த்த வண்டி வெளியே போகத் தயாராக நின்றபோது பெரிய மேஸ்திரி என்னைப் பார்த்து, "என்னடா நிக்கிற? ஏறு" என்றார். நான் ஏறவில்லை. "ஒரு நிமிசங்க" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் நுழைந்து எல்லா நட்டையும் மறுபடி ஒரு சுற்று முறுக்கினேன். எதுவும் லூசாக இல்லை. ஆனாலும் முறுக்கினேன். வெளியே வந்தபோது அவர் சிரித்துக்கொண்டு பீடி பற்றவைத்தார். அதற்குமேல் அவர் எனக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. என் முதுகும் அந்த வண்டியில் இருக்கப்போகிறது என்று தெரிந்தால் என் கை தானாக இன்னொரு தரம் நட்டுக்குப் போகும். அவ்வளவுதான் விஷயம்.

அந்த ஒற்றை சீட்டில்தான் நானும் சவரியும் பேசித் தீர்த்தோம். கறம்பக்குடி போகிற வழியெல்லாம் பேச்சு. எஞ்சின் சத்தத்தில் அவன் கத்துவான், நானும் கத்துவேன். பின்னால் இருக்கிற சனம் இரண்டு பேரும் சண்டை போடுகிறார்கள் என்று நினைக்கும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, கடைசிவரை ஆகவும் இல்லை. வாடகை அறைக்குப் போனால் சுவர்தான் துணை. ஆகவே நான் எந்த வண்டியைத் திறந்தாலும், முதல் ட்ரிப் சவரிக்கு விழும்படி பார்த்துக்கொள்வேன். இது கம்பெனிக்குத் தெரியாது, சவரிக்குத் தெரியும்.

இனி அந்த ஒரே டர்போவை மாட்டிய பந்தயக் காருக்கு வருகிறேன்.

எங்கள் முதலாளிக்கு ஒரு மகன். அரிமளத்தில் பெரிய வீடு. வெளிநாட்டில் எஞ்சினியரிங் படித்துவிட்டு வந்தவர். ஷெட்டில் எல்லாரும் சின்னவர் என்றுதான் சொல்வோம். படித்த திமிர் துளியும் கிடையாது, சட்டையில் கிரீஸ் பட்டால் சந்தோஷப்படுகிற ஆள். அவருக்கு ஒரே பைத்தியம், கார்ப் பந்தயம். அதிலும் சுற்றிச் சுற்றி ஓடுகிற பந்தயம் இல்லை. இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கொடி விழுந்ததும் நின்ற இடத்திலிருந்து கிளம்பி, கால் மைல் நேராக ஓடி, எது முதலில் கோட்டைத் தாண்டுகிறது என்று பார்ப்பார்கள். திருப்பமும் கிடையாது, பிரேக்கும் கோட்டைத் தாண்டிய பிறகுதான். மூச்சுப் பிடித்து விடுவதற்குள் முடிந்துவிடும். சென்னைக்கு அந்தப்புறம், யுத்தத்துக்குப் போட்டுப் பிறகு சும்மா கிடந்த விமான ஓடுதளம் ஒன்றில் நடக்கும்.

ஒருநாள் சின்னவர் லாரியில் ஒரு சாமானைக் கொண்டுவந்து இறக்கினார். அணை கட்டுகிற இடத்தில் மண் தள்ளிய ஒரு டீசல் இயந்திரம் கழிவுக்குப் போனபோது ஏலத்தில் எடுத்த டர்போ. இரண்டு நத்தைக் கூட்டை முதுகோடு முதுகாக ஒட்டியதுபோல் இருந்தது. ஒரு கூட்டுக்குள் எஞ்சின் விடும் புகை புகுந்து சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனைச் சக்கரம் வெளிக் காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். எஞ்சின் தன் புகையாலேயே தனக்குக் காற்று ஊதிக்கொள்கிறது. சின்னவர் தரையில் சாக்பீஸால் படம் போட்டு விளக்கினார். நான் அந்தச் சக்கரத்தை விரலால் தட்டிவிட்டேன். நிற்கவே மனசில்லாமல் சுற்றியது. அந்த நிமிடமே எனக்கும் பைத்தியம் பிடித்தது.

பந்தயத்துக்கென்று நாங்களே ஒரு கார் கட்டுவதாக முடிவானது; டர்போவை எந்த எஞ்சினில் மாட்டுவது என்பது முதல் தகராறு. ஷெட்டில் மூன்று கிடந்தன. ஒரு சின்ன காரின் நாலு சிலிண்டர், பட்டாளத்து லாரியின் ஆறு சிலிண்டர், ஏதோ ஜமீன் வீட்டு அமெரிக்கக் காரின் எட்டு சிலிண்டர். சவரி எட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இதத்தான் போடணும். பெருசு பெருசுதான்" என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எட்டைப் போட்டால் காரின் மூக்கு கனத்துவிடும், பின்சக்கரத்தில் பாரம் இருக்காது, கொடி விழுந்ததும் டயர் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகை விடும். நாலைப் போட்டால் கார் இலேசு. ஆனால் மண் தள்ளுகிற இயந்திரத்தின் சக்கரத்தை அது விடுகிற மூச்சு அசைக்கக்கூடச் செய்யாது. நான் ஆறைச் சொன்னேன். பட்டாளத்து எஞ்சின், அடிவயிறு கெட்டி, அடித்தாலும் தாங்கும். சின்னவர் காகிதத்தில் ஏதோ கணக்குப் போட்டார், பிறகு, "எனக்கும் ஆறுதான் வருது" என்றார். அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒற்றுமையாக இருந்தோம். சவரியும் சேர்த்துத்தான், அவனுக்கு ஓட்டக் கிடைத்தால் போதும்.

காரை ஓட்டப்போவது சவரி என்பது முதல் நாளே முடிவான சங்கதி. அதற்கு மேலும் ஒன்று இருந்தது. பம்பாயிலிருந்து பந்தயத்துக்கு வருகிற ஒரு பெரிய கார்க்காரர், சின்னவருக்குப் பழக்கம். இந்த வருடம் முதலில் வருகிறவனைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய் நிரந்தரமாகப் பந்தய டிரைவராக வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். சவரிக்கு அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. கறம்பக்குடி ட்ரிப்பில் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு என்னிடம் கத்தினான்:

"இலுப்பூர் போ, திரும்பி வா. கறம்பக்குடி போ, திரும்பி வா. சாகுற வரைக்கும் இதேதானாடா மாப்ள? ஒரு தடவையாச்சும் திரும்பி வராம போகணும்டா!"

"போயிட்டு என்னைய மறந்துராத" என்று நான் கத்தினேன். சிரித்துக்கொண்டுதான் கத்தினேன். ஆனால் அவன் போய்விட்டால் அந்த ஒற்றை சீட்டில் உட்கார்ந்து யாரிடம் பேசுவது என்று நினைத்தேன். இதை இங்கே எழுதிவைக்கக் காரணம் இருக்கிறது. பின்னால் அவன் என்மேல் சொன்ன பழிக்கு இதுவும் ஒரு சாட்சியாகிவிடும் என்று பயந்தும்தான் இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை.

ஒரு பழைய காரின் சட்டத்தை வெட்டிக் குறுக்கி, கதவு, கூரை எல்லாம் எடுத்துவிட்டு, எஞ்சினுக்குப் பின்னால் ஒரே ஒரு சீட்டு வைத்தோம். டர்போவுக்குச் சின்னவர் காட்டிய இடம், எஞ்சின் புகை வெளிவருகிற வலப்பக்கத்தில், அதை ஒட்டிப் பின்னால். புகை சூடு ஆறாமல் நேராகச் சக்கரத்தில் அடிக்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் உடனே இழுக்கும். கால் மைல் பந்தயத்தில் கிளம்புகிற கணம்தான் எல்லாம். கணக்கில் ஒரு பிழையும் கிடையாது. நானும் அந்த இடத்திலேயே தற்காலிகமாக மாட்டினேன்.

மாட்டி முடித்த மத்தியானம் சவரி சீட்டில் ஏறப் போனான். நான் தடுத்தேன்.

"கை வச்சவன்தான் மொதல்ல ஏறணும்."

"ஏறு. எங்கிட்டு ஏறுவ? இதுல ஒனக்குச் சீட்டே இல்லையேடா!" என்று கைகொட்டிச் சிரித்தான்.

"ஒன் சீட்டுல ஏறுறேன். ஷெட்டுக்குள்ளயே நிறுத்தி ஓட விடுவோம். நீ பொறவு ஏறு."

ஏறி உட்கார்ந்தேன். எஞ்சினைக் கிளப்பச் சொன்னேன். மெதுவாக மிதித்தேன். புகை அதிகமாக அதிகமாக அந்தக் கூட்டுக்குள்ளிருந்து ஊதல் சத்தம் ஒன்று மெலிசாக எழும்பியது. கேட்க ஆசையாக இருந்தது. இன்னும் கொஞ்சம் மிதித்தேன். என் வலது முழங்காலில் சூடு ஏறியது. கீழே பார்த்தேன்.

வெளியே நின்று மாட்டியவனுக்குத் தெரியாதது உட்கார்ந்தவனுக்குத் தெரிந்தது. அந்தக் கூடு வலது முழங்காலுக்கு நேர் பக்கத்தில், அதே உயரத்தில் இருந்தது. உள்ளே இருக்கும் சக்கரத்தின் விளிம்பிலிருந்து பக்கவாட்டில் ஒரு கோடு போட்டால், அது என் வலது முழங்காலைத் தொட்டு, இடது முழங்காலையும் தொட்டுவிட்டுப் போகும். சுற்றுகிற சக்கரம் உடைந்தால் துண்டு எந்தத் திசையில் பறக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதோடு அது டீசலுக்கென்று செய்த சக்கரம். பெட்ரோல் எஞ்சின் விடும் புகை அதைவிடச் சூடு. அந்தச் சூட்டை அது எத்தனை ஓட்டம் தாங்கும் என்று எனக்கும் தெரியாது, சின்னவருக்கும் தெரியாது, செய்து அனுப்பிய வெள்ளைக்காரனுக்கும் தெரியாது. எஞ்சினை நிறுத்தச் சொன்னேன்.

"இங்க வேண்டாங்க. முன்னால கொண்டுபோயிருவோம், ரேடியேட்டருக்குக் கீழ" என்றேன்.

சின்னவர் குனிந்து எஞ்சினிலிருந்து ரேடியேட்டர்வரை கையால் அளந்து பார்த்தார். "அவ்வளவு நீளம் குழாய் போட்டா புகை ஆறிரும். சக்கரம் வேகம் எடுக்கறதுக்கு நேரமாகும். தெரியும்ல?"

"தெரியுங்க. ஆறட்டும்னுதான் சொல்றேன். ஒடைஞ்சாலும் மண்ணுக்குள்ள போகட்டும்."

"ஒடையும்னு நிச்சயமா சொல்ல முடியுமா ஒங்களால?"

"முடியாதுங்க."

"ஒடையாதுன்னு என்னாலயும் சொல்ல முடியல" என்றார் அவர். நல்ல மனிதர். "உக்காரப் போறது நான் இல்ல. சவரிகிட்ட கேட்டுக்குவோம்."

சவரி கேட்க வேண்டிய தேவையே இல்லாதவன்போல் நின்றான். "இருந்த எடத்துலயே இருக்கட்டுங்க. அங்க வச்சாத்தானே பாய்ச்சல்? என் காலு, எனக்கில்லாத பயம் இவனுக்கு என்னத்துக்கு?"

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இது வரும். ஓவர்லோடு போட்டுக்கொண்டு, "ஸ்பிரிங் பட்டை ஒடிஞ்சா ஒடியட்டும், நீ மாட்டு" என்று லாரிக்காரர் சொல்வார். "தேய்ஞ்ச பிரேக்கோட ஒரு ட்ரிப் போயிக்கிறேன்" என்று டிரைவர் கெஞ்சுவார். உட்காருகிறவனே சரி என்கிறான், மாட்டுகிறவனுக்கு என்ன வந்தது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது, அவன் கால்தான், அவன் பம்பாய்தான். ஆனால் அவன் உட்காரும்போது பாதையைப் பார்ப்பான், முழங்காலைப் பார்க்க மாட்டான். முழங்காலைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். பார்த்துவிட்டபின் பார்க்காதவன்போல் ஸ்பேனரைத் திருப்ப என் கை வரவில்லை.

"அங்க வைக்கறதா இருந்தா வேற ஆளை வச்சு மாட்டிக்கங்க" என்றேன்.

வேறு ஆள் கிடையாது என்பது மூன்று பேருக்கும் தெரியும். சின்னவர் பெருமூச்சு விட்டுவிட்டு, "சரி, முன்னால" என்றார். சவரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனான். அன்றைக்கு அவன் என்னோடு டீ குடிக்க வரவில்லை.

செட்டிநாட்டுப் பக்கம் இன்னொரு பாழ் ஓடுதளம் உண்டு. அங்கே கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தோம். கார் ஓடியது, நன்றாகவே ஓடியது. ஆனால் மிதித்ததற்கும் இழுப்பதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. சவரி இறங்கி வந்து சின்னவரிடம், என் காதிலும் விழட்டும் என்று, "மிதிச்சா ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லி முடிச்சதுக்கு அப்பறந்தாங்க இழுக்குது" என்றான். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். குழாயின் வளைவுகளைக் குறைத்தேன், சூடு ஆறாமல் இருக்கக் கல்நார்க் கயிறு சுற்றினேன், முடிந்ததை எல்லாம் செய்தேன். கொஞ்சம் குறைந்தது. முழுசாகப் போகவில்லை. போகாது.

பந்தயத்தன்று வெயில் மண்டையைப் பிளந்தது. சவரி ஒவ்வொரு வண்டியாக ஜெயித்துக்கொண்டே வந்தான். அவன் கை அப்படி. கொடி ஏறும்போதே மிதித்துச் சக்கரத்துக்கு மூச்சு ஏற்றி வைத்துக்கொள்ள அவனே ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். யாரும் சொல்லித் தரவில்லை. கடைசி ஓட்டத்தில் அவனுக்கு எதிரே ஒரு நீலக் கார். பம்பாய்க்காரர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பார்த்தார்.

கொடி விழுந்தது. நீலக் கார் முந்தியது. பாதித் தூரத்தில் எங்கள் கார் எட்டிப் பிடித்தது. முந்தவும் செய்தது, நான் கண்ணால் பார்த்தேன். சின்னவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். கோட்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது எங்கள் கார் தளர்ந்தது. ஓடிக்கொண்டிருந்தவனை யாரோ பின்னால் சட்டையைப் பிடித்து நிறுத்தியதுபோல் இருந்தது. நீலக் கார் ஒரு மூக்கு நீளத்தில் ஜெயித்துவிட்டது.

சவரி அந்தக் கோடியிலிருந்து காரை மெதுவாகத் திருப்பிக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினான். கண்ணாடியைக் கழற்றினான். கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளையாக, மற்ற இடமெல்லாம் புழுதி.

"கடைசில மூச்சு வாங்கிருச்சு" என்றான். "ஒன் நீளக் கொழாய்க்கு அவ்வளவுதான் தெம்பு."

"சவரி..."

"நீ பயந்த. ஒன் பயத்தத் தூக்கி என் வண்டில ஏத்தி விட்டுட்ட. எனக்கு ஒண்ணு தெரியுண்டா ஆரோக்கியம். நான் போயிருவேன்னுதான நீ பயந்த?"

அதற்கு நான் பதில் சொல்லியிருக்கலாம். முழங்காலைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் சொன்னதில் ஒரு துளி உண்மை இருந்ததே. கறம்பக்குடிப் பாதையில் நான் நினைத்தது என்ன என்று எனக்குத் தெரியுமே. அது என் கையைத் திருப்பவில்லை என்று நான் சத்தியம் செய்வேன். ஆனால் சத்தியம் செய்ய வேண்டிய நேரத்தில் காரின் புழுதியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவன் தொப்பியை சீட்டில் போட்டுவிட்டு நடந்தான். அன்றைக்கே ரயிலேறிவிட்டான் என்று பிறகு தெரிந்தது.

நான் காரோடு லாரியில் ஊர் வந்து சேர்ந்தேன். வந்த மறுநாள் காலையில் ஷெட்டில் டர்போவைக் கழற்றினேன். புகைப்பக்கக் கூட்டின் வெளி ஓரத்தில், தரையைப் பார்த்த பக்கத்தில், ஒரு கீறல் வாய் பிளந்திருந்தது. உள்ளே சக்கரத்தில் ஒரு துண்டு இல்லை. கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஆள் நடமாட்டமில்லாத அந்தக் கோடியில், உடைந்து கூட்டைக் கிழித்துக்கொண்டு மண்ணுக்குள் போயிருக்கிறது. சைலன்ஸர் இல்லாத எஞ்சினின் இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. கார் கடைசியில் தளர்ந்ததற்கு என் நீளக் குழாய் காரணமில்லை. சக்கரம்தான் போய்விட்டது.

அந்தக் கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பழைய இடத்தில் அது இருந்திருந்தால், என்று ஒரு தடவை நினைத்துப் பார்த்தேன். இரண்டாம் தடவை நினைக்கவில்லை. சின்னவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கீறலில் விரல் வைத்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "சவரிகிட்ட சொல்லணும்" என்றார். பிறகு அவர் பந்தயத்தின் பேச்சையே எடுக்கவில்லை. சில மாதத்தில் வியாபாரத்தைப் பார்க்கக் கடல் தாண்டிப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார்.

உடைந்த சக்கரத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆவூருக்குப் போனேன். சவரியின் ஆத்தா வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தது.

"அஸ்ஸாமுக்குப் போறேன்னு போயிட்டான்யா. தேயிலைத் தோட்டத்துல லாரி ஓட்டப்போறானாம். வெலாசம் ஒண்ணும் குடுக்கல" என்றது. முறத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தது. "ஒங்க ரெண்டு பேருக்குள்ள என்னய்யா? கேட்டா எரிஞ்சு விழுந்தான்."

"ஒண்ணுமில்ல ஆத்தா."

"கையில என்னய்யா அது?"

"வண்டிச் சாமான்" என்றேன். பெற்றவளிடம் அதைப் பிரித்துக் காட்ட முடியுமா? மோர் கொடுத்தது, குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அப்புறம் பல வருடம். வண்டிகளைத் திறந்தேன், மூடினேன், முதல் ட்ரிப்பில் ஒற்றை சீட்டில் ஏறிப் போனேன். பக்கத்தில் வேறு வேறு டிரைவர்கள். நல்ல பையன்கள்தான். மேஸ்திரி என்று மரியாதை கொடுப்பார்கள், மரியாதை கொடுக்கிறவனிடம் கத்திப் பேச முடியாது. கறம்பக்குடி வரைக்கும் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போவேன். நீங்கள் நினைப்பதுபோல் தப்புச் செய்தவன்தான் தனியாகிறான் என்பதில்லை. சரியாகச் செய்துவிட்டும் தனியாகலாம். அதற்கு ஆறுதல் சொல்ல ஆள் வராது, ஏனென்றால் நடக்காமல் போன விபத்துக்கு யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை.

ஒரு பாஸ்கா சமயத்தில், ஈஸ்டருக்கு, சவரி வந்திருக்கிறான் என்று செய்தி வந்தது. சக்கரத்தை மறுபடி அதே துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு காலைப் பூசைக்கு ஆவூர் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பஸ்ஸில் போகும்போதே வாக்கியங்களை எல்லாம் சரிபண்ணிக்கொண்டேன்.

கோயிலுக்குள் இடமில்லை. பாதிச் சனம் வெளியே சரளை மண்ணில் நின்றது. சவரி எனக்கு நாலைந்து ஆள் முன்னால் இருந்தான். முடி முன்னால் ஏறியிருந்தது, உடம்பு கொஞ்சம் தடித்திருந்தது. பக்கத்தில் பெண்சாதி, தோளில் ஒரு பெண் குழந்தை. உள்ளே மணி அடித்தது. எல்லாரும் முழந்தாளிட்டார்கள். சவரி குழந்தையை இறக்கிவிட்டு, தோய்த்த வெள்ளை வேட்டியோடு சரளையில் இரண்டு முழங்காலையும் ஊன்றினான். கல் குத்தியிருக்கும், அசையவில்லை. நான் முழந்தாளிட மறந்து நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து ஆள் என் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் கீழே போனேன். அந்தப் பூசையில் ஒரு ஜெபமும் என் வாயில் வரவில்லை. அவன் முதுகையும் காலையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முடிந்து சனம் கலைந்தபோது அவன் திரும்பினான். என்னைப் பார்த்தான். போய்விடுவான் என்று நினைத்தேன், போகவில்லை.

"என்ன ஆரோக்கியம். இன்னும் அந்த ஒத்த சீட்லதான் போறியா?"

"போறேன்."

"யாரு ஓட்டுறா இலுப்பூரு லைனு?"

"யாரோ ஒரு பய. ஒன்னளவுக்கு வராது."

அவன் சிரிக்கவில்லை. கோபமும் தெரியவில்லை. என் பையைப் பார்த்தான். "கனமா என்னமோ வச்சிருக்க?"

பையின் வாயில் கை வைத்தேன். பிரித்துக் காட்டினால் ஒரு நிமிடத்தில் எல்லாம் நேராகிவிடும். அவன் என்னைக் கட்டிப் பிடித்துக்கொள்ளக்கூடும். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை கிளட்ச் மிதிக்கும்போதும் அவன் முழங்காலைப் பார்ப்பான். நான் ஒருவன் பார்த்துக்கொண்டிருப்பது போதாதா? குழந்தை அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தது.

"வண்டிச் சாமான்" என்றேன்.

"நீ மாறவே மாட்டடா" என்றான். "வாரேன்" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். வேகமாக, பழைய நடைதான். வெள்ளை வேட்டியில் முழங்கால் பட்ட இடத்தில் செம்மண் அப்பியிருந்தது. பெண்சாதி குனிந்து அதைத் தட்டிவிடப் பார்த்தாள், அவன் நிற்கவில்லை. இரண்டு காலிலும் இருந்தது.